நோயின் பெயர் எதற்கு?

மதுரைப் பக்கம் ஒரு சிறிய ஊர். கணவன், மனைவி, மாமியார் என்று மூன்று பேர் கொண்ட குடும்பம்.

தாஜ்மகாலைப் பார்க்க வேண்டும் என்று மாமியாருக்கு நெடுநாள் ஆசை. கோடை விடுமுறையில் போவது என்று முடிவு செய்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்பே விமான டிக்கெட் எடுத்தார்கள். ஓட்டல் அறைக்கும் பணம் கட்டினார்கள். மலிவு டிக்கெட். "ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது" என்று அதிலேயே எழுதி இருந்தது.

புறப்பட இன்னும் நான்கு நாள்தான். திடீர் என்று மனைவிக்குக் கரு கலைந்துவிட்டது. அவள் உண்டாகி இருந்தது அந்த மூன்று பேருக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும்.

கணவன் டிக்கெட் ஏஜெண்டிடம் போனான்.

"வீட்டில் உடம்புக்கு முடியவில்லை. பணம் ஏதாவது திரும்பக் கிடைக்குமா?"

"கிடைக்கும் சார். உடம்புக்கு முடியாதவர்களுக்குக் கம்பெனி விதிவிலக்கு தருகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்."

ஏஜெண்டு அடுத்த தெருக்காரர். அவருடைய கடையில் இரண்டு பையன்கள் வேலை பார்க்கிறார்கள். ஒரு பையனுடைய அக்காளும் இந்த மனைவியும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள்.

அனுப்புவதா, வேண்டாமா? அனுப்பினால் ஊருக்குத் தெரியும். அனுப்பாவிட்டால் பணம் போகும்.

இந்தக் குடும்பம் கற்பனைக் குடும்பம். ஆனால் இந்தச் சங்கடம் கற்பனை அல்ல. உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒரு வருஷப் பணம் கட்டிவிட்டு, நடுவில் படுத்துக்கொண்டவரிடம் சர்டிபிகேட் கேட்கிறார்கள். டியூஷன் சென்டரில் பணத்தைத் திருப்பிக் கேட்டாலும் சர்டிபிகேட். சுற்றுலாத் தேதியை மாற்றக் கேட்டாலும் சர்டிபிகேட். கேட்பவர் டாக்டர் அல்ல. கேஷ் கவுண்டரில் இருக்கும் பையன்!

கேட்பது தப்பா?

கம்பெனிக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. "உடம்பு சரியில்லை" என்று வாயால் சொன்னதுமே பணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்றால், அடுத்த வாரம் ஊரில் பாதிப் பேருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக் காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா? ஆகவே அத்தாட்சி வேண்டும் என்கிறார்கள். அது சரிதான்.

ஆனால் எதற்கு அத்தாட்சி?

டிக்கெட் வைத்திருப்பவர் இன்னார். இன்ன தேதியில் இருந்து இன்ன தேதி வரை இவர் பிரயாணம் செய்யக் கூடாது. இதைச் சொல்பவர் இன்ன டாக்டர், இது அவருடைய கையெழுத்து, இது பதிவு எண். கம்பெனிக்குத் தேவை இவ்வளவுதான். கர்ப்பப்பையா, கல்லீரலா, மனக்கோளாறா என்று தெரிந்து அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? ஸ்கேன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிற குமாஸ்தாவுக்கு அதில் இருந்து என்ன விளங்கும்? விளங்குவது ஒன்றே ஒன்று. அந்த வீட்டு இரகசியம்!

டாக்டரின் வார்த்தையை எப்படி நம்புவது என்று கம்பெனி கேட்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் வகுத்த ஒழுக்க விதிகள் இதைச் சொல்கின்றன. டாக்டர் தாம் கொடுக்கிற சர்டிபிகேட்டுகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். சர்டிபிகேட்டின் நகல் ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். நோயாளியின் கையெழுத்தோ கைநாட்டோ அதில் பதிவாக வேண்டும். பொய் சர்டிபிகேட் கொடுத்தது தெரிந்தால் அவருடைய பெயரையே டாக்டர்கள் பட்டியலில் இருந்து அடித்துவிடலாம். ஆகவே சந்தேகப்படுகிற கம்பெனி, "இந்தத் தேதியில் இந்த சர்டிபிகேட் நீங்கள் கொடுத்ததுதானா?" என்று டாக்டரைக் கேட்டால் போதும். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிடும்.

அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. நோயாளி சொன்ன இரகசியத்தை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. கோர்ட்டு கட்டளை இட்டால் சொல்லலாம். பிறர் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம். அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய தொற்றுநோய் என்றால் சொல்லலாம். மற்றபடி வாயைத் திறக்கக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், உத்தியோகஸ்தர்களின் லீவுக்காக அந்த விதிகளில் தரப்பட்ட மாதிரிப் படிவத்தில், "இவர் . . . . நோயால் அவதிப்படுகிறார்" என்று ஓர் இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. படிவத்தில் இடம் இருந்தால் யாராவது நிரப்பத்தானே செய்வார்கள்? எந்த சர்டிபிகேட்டிலும் நோயின் பெயரைக் கேட்கும் பழக்கமும், எழுதும் பழக்கமும் இப்படித்தான் ஊறிப் போயின.

பெயர் தெரிந்தால்

ஒரு நோயின் பெயர் வெளியே வந்தால் என்ன ஆகும் என்பது குடும்பஸ்தர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காசநோய் இன்று தீர்க்கக்கூடிய நோய். பெரும்பாலோருக்கு ஆறு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடுகிறது. ஆனால் "அந்த வீட்டுப் பெண்ணுக்கு டி.பி. இருந்ததாம்" என்ற பேச்சு ஆறு வருஷம் ஆனாலும் குணமாவதில்லை! வலிப்பு நோயும் அப்படித்தான். மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு, ஒழுங்காக வேலைக்கும் போய் வருகிற பிள்ளைக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். கரு கலைந்தது என்று தெரிந்தால் துக்கம் விசாரிக்கிற சாக்கில் வந்து, யார் மேல் குற்றம் என்று ஆராய்ச்சி செய்துவிட்டுப் போவார்கள்.

பெரிய நகரத்தில் கவுண்டரில் இருப்பவன் யாரோ, நிற்பவர் யாரோ. சிறிய ஊரில் அப்படி இல்லை. மருந்துக் கடைக்காரர் சித்தப்பா முறை ஆவார். ஏஜெண்டு கூடப் படித்தவராக இருப்பார். அங்கே ஒரு காகிதத்தைக் காட்டுவது ஒரு தெருவுக்கே காட்டுவது போல.

ஏழைகளின் நிலை இன்னும் சங்கடம். ரெயில்வேயின் கட்டணச் சலுகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா பரவிய 2020 மார்ச்சில் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும், 11 வகை நோயாளிகளுக்கான சலுகை நிறுத்தப்படவில்லை. நல்ல காரியம். சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளி தூங்கும் வகுப்பில் இலவசமாகவே போகலாம். எய்ட்ஸ் நோயாளிக்கு இரண்டாம் வகுப்பில் பாதிக் கட்டணம்.

இந்தச் சலுகைகள் நோயின் பெயரை வைத்தே தரப்படுகின்றன. ஆகவே சீட்டிலும் பெயர் இருந்தாக வேண்டும். அதைக் கவுண்டரில் நீட்ட வேண்டும். பின்னால் கியூவில் நிற்பவர் கழுத்தை நீட்டுகிறார்.

எச்.ஐ.வி. கிருமி இருப்பதை வெளியே சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017-ல் பார்லிமெண்டு தனிச் சட்டமே இயற்றி இருக்கிறது. 2018 செப்டம்பர் 10-ந் தேதி அது அமுலுக்கு வந்தது. கவுண்டரில் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை என்பது உண்மைதான். வேண்டாம் என்றால் முழுக் கட்டணம் கொடுத்துப் போகலாம். கையில் காசு இல்லாதவனுக்கு அதுவே கட்டாயம் ஆகிறது. ஆஸ்பத்திரியே ஒரு குறியீட்டு எண் போட்டுக் கொடுத்து, ரெயில்வே கம்ப்யூட்டர் மட்டும் அதைப் புரிந்துகொள்ளும்படி செய்தால் என்ன? டிக்கெட்டையே செல்போனில் கொடுக்கிற காலத்தில் இது முடியாத காரியம் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் என்பது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். ஒன்பது பேரும் ஒரே முடிவு. வழக்குப் போட்டவர் கர்நாடக ஐகோர்ட்டின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. ஆதாரை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில் இருந்து பிறந்த தீர்ப்பு இது.

அது முக்கியமாக அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துகிற தீர்ப்பு. கம்பெனிகளுக்கு?

கம்பெனிகளுக்கு 2011-லேயே விதிகள் வந்துவிட்டன. ஒருவருடைய உடல்நிலை, மனநிலை, மருத்துவ விவரங்கள் ஆகியவற்றை அந்த விதிகள் தனியாகப் பிரித்துப் பாதுகாப்பு கொடுத்தன. எழுத்து மூலம் சம்மதம் வாங்காமல் கம்ப்யூட்டரில் ஏற்றக் கூடாது. வேலைக்கு அவசியம் இல்லாததைக் கேட்கக் கூடாது. வேலை முடிந்த பின் வைத்திருக்கக் கூடாது. புகார் கேட்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவும் காகிதத்தில் இருந்தது. எத்தனை ஏஜெண்டுக் கடைகளுக்கு இது தெரிந்தது?

பிறகு 2023 ஆகஸ்டில் புதுச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகள் தயார் செய்துகொள்ள 18 மாதத் தவணை கொடுக்கப்பட்டது.

புதுச் சட்டத்தில் ஓர் உதாரணம் சொல்லப்பட்டிருக்கிறது. படித்தால் யாருக்கும் புரியும். ஒரு பெண் செல்போன் மூலம் டாக்டரைப் பார்க்க ஒரு செயலியைப் பதிவு செய்கிறாள். அந்தச் செயலி அவளுடைய விவரங்களைக் கேட்கிறது. கூடவே செல்போனில் உள்ள பிறருடைய நம்பர்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. அவள் இரண்டுக்கும் "சரி" என்று அழுத்திவிடுகிறாள். சட்டம் என்ன சொல்கிறது? வைத்தியத்துக்கு நம்பர்கள் தேவையில்லை. ஆகவே அவள் "சரி" என்று சொல்லி இருந்தாலும் அந்தச் சம்மதம் செல்லாது!

இதையே நம் குடும்பத்துக்குப் பொருத்திப் பாருங்கள். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர, பிரயாணம் கூடாது என்ற அத்தாட்சி தேவை. ஸ்கேன் ரிப்போர்ட் தேவை என்று கம்பெனியால் காட்ட முடியுமா?

வேலை முடிந்ததும் விவரத்தை அழித்துவிட வேண்டும் என்பதும் புதுச் சட்டத்தில் உண்டு. விவரங்களைப் பத்திரமாகக் காப்பாற்றத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம்.

இதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். மானம் போனவருக்கு அதில் ஒரு காசும் கிடையாது. 2011 விதிகளில் நோய் விவரத்துக்குத் தனி இடம் இருந்தது என்று பார்த்தோம். புதுச் சட்டத்தில் அந்தப் பிரிவினை இல்லை. செல்போன் நம்பரும் காசநோயும் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. இது முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. இந்தச் சட்டம் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ ஏறிய விவரங்களுக்கு மட்டுமே பொருந்தும். மேஜை டிராயரில் கிடக்கிற ஜெராக்ஸ் காகிதத்தை அது தொடாது. அதைப் படம் பிடித்த நிமிஷத்தில் இருந்துதான் சட்டம் பேசத் தொடங்குகிறது. வடை மடித்துக் கொடுக்கிற காகிதத்தைப் பிரித்தால் யாருடைய ரத்தப் பரிசோதனையோ இருக்கிறது என்றால், அதற்குப் புதுச் சட்டத்தில் பதில் இல்லை.

பார்த்ததும் தீர்ப்பு

கேட்கக் கூடாததைக் கேட்பது ஒரு வகைக் கொடுமை. எதையும் கேட்காமல், ஆளைப் பார்த்ததும் முடிவு கட்டுவது இன்னொரு வகை.

2012 பிப்ரவரி 19-ந் தேதி கொல்கத்தாவில் இருந்து கோவாவுக்குப் புறப்பட்ட ஒரு தனியார் விமானத்தில் ஜீஜா கோஷ் என்ற பெண்மணி ஏறி உட்கார்ந்தார். அவர் ஊனமுற்றோர் உரிமைக்காகப் பாடுபடுகிறவர். பிறவியிலேயே மூளை வாதம் உள்ளவர். மாநாடு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். விமான ஊழியர்கள் வந்து அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். டாக்டர் யாரையும் கலந்துகொள்ளவில்லை. அவர் விடவில்லை; சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 2016 மே 12-ந் தேதி தீர்ப்பு வந்தது. அவருக்கு ரூ.10 லட்சம் நஷ்டஈடு கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது.

விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இதில் தெளிவாகவே இருக்கிறது. சக்கர நாற்காலி வேண்டும், ஏறி இறங்கக் கை கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிற ஊனமுற்றவரிடம் டாக்டர் சர்டிபிகேட் கேட்டு வற்புறுத்தக் கூடாது. தொற்றுநோய் உள்ளவர், பறக்கும்போது பிராணவாயு தேவைப்படுபவர், பறந்தால் நோய் முற்றக்கூடியவர் ஆகியோரிடம் கேட்கலாம். அங்கே விவரம் தேவை; உயிர்ப் பிரச்சினை. ஆனால் அதற்கு என்று உள்ள படிவத்தை நோயாளியின் டாக்டர் நிரப்புகிறார், விமானக் கம்பெனியின் மருத்துவப் பிரிவு பார்க்கிறது. டாக்டர் எழுத, டாக்டர் படிக்கிற காகிதம் அது. கவுண்டருக்கு வர வேண்டியது "போகலாம்" அல்லது "போகக் கூடாது" என்ற முடிவு மட்டும்.

இன்ஷூரன்சையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது கம்பெனி கேட்கிற நோய் விவரங்களை உள்ளபடி சொல்லியாக வேண்டும். மறைத்தால் பின்னால் பணம் கேட்கும்போது கையை விரித்துவிடுவார்கள். அங்கே நோயைப் பார்த்துத்தான் கட்டணமே போடுகிறார்கள். பயண இன்ஷூரன்ஸ் எடுத்திருந்து அதில் பணம் கேட்டாலும் ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் காட்டத்தான் வேண்டும். டிக்கெட் கடைக்காரரோ உடற்பயிற்சிக் கூடத்துக்காரரோ அந்த அதிகாரத்தை எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டே கேள்வி

அமெரிக்காவில் ஒரு விசித்திரமான விதி இருக்கிறது. கண் தெரியாதவர்களும் வேறு குறை உள்ளவர்களும் பழக்கிய நாயைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். "நாய்களுக்கு அனுமதி இல்லை" என்று போர்டு மாட்டிய கடைக்குள்ளும் அந்த நாய் போகலாம். கடைக்காரருக்குச் சந்தேகம் வந்தால்? இரண்டே கேள்விதான் கேட்கலாம். இந்த நாய் உங்கள் குறைக்கு உதவுவதற்காக உள்ளதா? என்ன வேலை செய்ய அதைப் பழக்கி இருக்கிறார்கள்? அதற்கு மேல் "உங்களுக்கு என்ன வியாதி?" என்று கேட்கக் கூடாது. சர்டிபிகேட் கேட்கக் கூடாது. நாய் குரைத்து ரகளை செய்தால் வெளியே அனுப்பலாம். இதனால் ஏமாற்றுகிறவர்கள் உள்ளே வந்துவிட மாட்டார்களா என்றால், வருகிறார்கள்தான். வந்தாலும் பரவாயில்லை என்று அங்கே முடிவு செய்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் கேட்விக் விமான நிலையத்தில் 2016-ல் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். பச்சை நாடாவில் மஞ்சள் சூரியகாந்திப் பூக்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவருக்கு வெளியே தெரியாத ஏதோ ஒரு குறை இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக நடந்துகொள்ளுங்கள் என்று ஊழியர்களுக்கு அர்த்தம். என்ன குறை என்று நாடா சொல்லாது.

நம் ஊர் சினிமாத் தியேட்டர்களிலும் விதிவிலக்கு உண்டு. வெளித் தின்பண்டம் கூடாது என்று தியேட்டர்காரர் விதி போடலாம் என 2023 ஜனவரி 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய ஆகாரத்தைப் பெற்றோர் கொண்டுவருவதைத் தடுக்கக் கூடாது என்பதும் சேர்த்துச் சொல்லப்பட்டது. குழந்தை இடுப்பில் இருக்கிறது, சர்டிபிகேட் தேவையில்லை. சர்க்கரை நோய்க்காரர் பையில் இரண்டு பிஸ்கட் வைத்திருந்தால்? அவருடைய சர்க்கரை இடுப்பில் தெரியாது. வாசலில் நிற்கிற காவல்காரரிடம் பத்துப் பேர் முன்னிலையில் அவர் தம்முடைய வியாதியைச் சொல்ல வேண்டி இருக்கிறது.

நான்கு வரி சர்டிபிகேட்

மதுரைப் பக்கத்துக் குடும்பத்துக்கு வருவோம்.

கணவன் அன்று ஒன்றும் அனுப்பவில்லை. நேரே டாக்டரம்மாளிடம் போனான். விஷயத்தைச் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே லெட்டர்ஹெட் காகிதத்தை எடுத்தார். நான்கே வரி.

"இவர் என் சிகிச்சையில் இருக்கிறார். இன்றில் இருந்து மூன்று வாரம் இவர் நீண்ட பிரயாணம் செய்யக் கூடாது. இது அவருடைய கையெழுத்து. விவரம் வேண்டுவோர் இந்த சர்டிபிகேட் எண்ணைச் சொல்லி என்னைக் கேட்கலாம்."

நோயின் பெயர் இல்லை. ஆஸ்பத்திரியின் எந்தப் பிரிவு என்பதும் இல்லை. காகிதத்தின் தலைப்பில் "மகப்பேறு நிபுணர்" என்று அச்சிட்டிருப்பதை டாக்டரம்மாளே கவனித்தார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பெயரும் பதிவு எண்ணும் மட்டும் உள்ள வேறு காகிதத்தில் திரும்ப எழுதினார்.

ஏஜெண்டு கடையில் பையன் வாங்கிப் பார்த்தான்.

"ஸ்கேன் ரிப்போர்ட் இல்லையா சார்?"

"இதை அனுப்பு தம்பி. கம்பெனி வேண்டாம் என்று சொன்னால், எந்த விதியின்படி வேண்டாம் என்று எழுதிக் கேட்டு வாங்கிக் கொடு."

பையன் உள்ளே போய் ஏஜெண்டிடம் கேட்டான். தலையாட்டினார். செல்போனில் படம் எடுத்தான், கம்பெனிக்கு அனுப்பினான். "போய்விட்டது சார். ஒரு வாரத்தில் பதில் வரும்."

கணவன் அங்கேயே நின்றான்.

"இன்னும் என்ன சார்?"

"அந்தப் படத்தை அழித்துவிடு தம்பி."

பையன் அழித்தான். கணவன் சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டான்.